ஈயம் பூசிய பித்தளையும் ஈயச் சொம்பும்: வாங்கும்போதும், பூசும்போதும், அடுப்பில் ஏற்றும்போதும்

பரணில் கிடந்த பித்தளைத் தவலையை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, மறுபடி அடுப்பில் ஏற்றுகிற வீடுகள் சென்னையில் இப்போது பெருகியிருக்கின்றன. தி.நகரிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் எவர்சில்வருக்குப் பக்கத்திலேயே பித்தளைக்கும் அலமாரி ஒதுக்கியிருக்கிறார்கள். மிகவும் நல்ல விஷயம். ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிப்பக்கத்தின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். சாம்பார் படப்போவது உள்பக்கத்தில். பித்தளைப் பாத்திரத்தில் பித்தளையின் வேலை சூட்டைப் பரப்புவது. உணவைத் தொடுகிற வேலை உள்ளே பூசியிருக்கும் வெள்ளீயத்துக்கு (டின்). அந்தப் பூச்சு நன்றாக இருக்கும்வரைதான் அது சமையல் பாத்திரம். பூச்சு தேய்ந்துவிட்டால், எத்தனை தலைமுறை பார்த்த தவலையானாலும் புளிக்குழம்பு வைக்க லாயக்கில்லை.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. பெரும்பாலான பாத்திரங்களில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கு செம்பு. புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் எது பட்டாலும் புளிப்பும் காற்றும் சேர்ந்து செம்பைக் கரைக்கும். உப்பு இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். அப்படிக் கரைந்து நிற்பதைத்தான் களிம்பு என்கிறோம். களிம்பு ஏறிய குழம்பு நாக்கில் துவர்த்துக் கசக்கும், வயிற்றைப் பிரட்டும், கூடினால் வாந்தி எடுக்க வைக்கும். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பூச்சில்லாத பித்தளையில் ரசத்தைக் கொதிக்க வைத்து ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் இந்த அளவைத் தாண்டுவது எளிது. நெய்யையும் அதில் வைக்கக் கூடாது. செம்பு பட்ட நெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஓரத்தில் பச்சை கட்டும்.

வெண்கலம் வேறு. அது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. நல்ல வெண்கலத்தில் ஏறத்தாழ 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். இதற்கு உள்பூச்சு தேவையில்லை. சாதம், வெண்பொங்கல், அரிசி உப்புமா, பால் பாயசம் எல்லாம் வெண்கலப் பானையில் தாராளமாக வைக்கலாம். புளிப்பை மட்டும் அதிலும் தவிர்ப்பது நல்லது. வெண்கலம் என்று சொல்லிப் பித்தளையைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது, அதனால் கடையிலேயே தட்டிப் பாருங்கள். பானையின் விளிம்பை இரண்டு விரலால் தூக்கித் தொங்கவிட்டு, கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டினால் வெண்கலம் மணி மாதிரி கணீரென்று நீண்டு ஒலிக்கும். பித்தளையின் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். நிறமும் காட்டிக் கொடுக்கும்: பித்தளை எலுமிச்சை மஞ்சள், வெண்கலத்தில் லேசான பழுப்புச் சிவப்பு ஓடும். வெண்கலம் கீழே விழுந்தால் விரிசல் விடும், பித்தளை நசுங்கும். விரிசல் விட்ட வெண்கலப் பானையைச் சரிசெய்து சமையலுக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செம்புக் குடத்துக்கும் பூச்சு கிடையாது. அதில் வெறும் தண்ணீர் மட்டும்தான். எலுமிச்சை பிழிந்த தண்ணீர், சீரகத் தண்ணீர், மோர் எதையும் ஊற்றி வைக்க வேண்டாம்.

புதிதாக வாங்கின பித்தளையில் முதலில் பார்க்க வேண்டியது மேல்பூச்சு. கடையில் கருக்காமல் இருப்பதற்காகப் பல பாத்திரங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத லாக்கர் (ஒருவகை வார்னிஷ்) அடித்து அனுப்புகிறார்கள். அப்படியே அடுப்பில் வைத்தால் அது கருகி நாற்றம் அடிக்கும், திட்டுத் திட்டாக உரியும். ஓரத்தில் புளித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மட்டும் நிறம் மாறியிருந்தால் லாக்கர் இல்லை. மாறவே இல்லையென்றால் இருக்கிறது. எடுப்பது சுலபம்: பாத்திரம் மூழ்குகிற அளவு பெரிய எவர்சில்வர் அண்டாவில் தண்ணீர் வைத்து, லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா போட்டு, கால் மணி நேரம் கொதிக்க விட்டால் லாக்கர் நெகிழ்ந்து தோலாக உரிந்து வரும். அண்டா அலுமினியமாக இருக்கக் கூடாது, சோடா அதை அரிக்கும்.

அடுத்தது உள்பூச்சு. வெளிச்சத்தில் பாத்திரத்தைச் சாய்த்து உள்ளே பாருங்கள். கையால் பூசிய ஈயம் கண்ணாடி மாதிரி மின்னாது. பால் கலந்த வெள்ளி நிறமாக, மெத்தென்ற ஒளியோடு இருக்கும். துணியால் துடைத்த சுழிகள் லேசாகத் தெரியும். அந்தச் சுழிகள் குறையே இல்லை, கைவேலைக்கு அடையாளம். உள்ளே முகம் தெரிகிற அளவுக்கு ஒரே சீராக மின்னினால் அது இயந்திரத்தில் ஏற்றிய வேறு முலாமாக இருக்கலாம், என்ன முலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அடியும் பக்கமும் சேருகிற வளைவு, விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலம், கைப்பிடி ஆணி அடித்த இடம், இந்த மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். பூச்சு விட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

பழைய பாத்திரமானால் ஈயம் பூசுகிறவரைத் தேட வேண்டும். ஒரு காலத்தில் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போவார்கள், வாசலிலேயே குழி தோண்டி கரி மூட்டுவார்கள். அடுக்குமாடிகளும் சிமெண்ட் தளமும் வந்த பிறகு அது அரிதாகிவிட்டது. பழைய பாத்திரக் கடைகளில் கேட்டால் சொல்வார்கள். அதைவிட நல்ல வழி, உங்கள் பகுதியில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர்களைக் கேட்பது. பெரிய பித்தளை அண்டா வைத்திருப்பவர்களுக்கு யாரிடம் வேலை சுத்தம் என்பது தெரிந்திருக்கும்.

வேலை நடக்கும்போது முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. முதலில் நசுங்கலைத் தட்டி நிமிர்த்துவார்கள்; பூசின பிறகு தட்டினால் ஈயம் விண்டுபோகும். பிறகு காஸ்டிக் சோடாவில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, நீர்த்த ஆசிட்டில் கழுவி, மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பார்கள். பெரிய அண்டாவானால் உள்ளே இறங்கிக் காலால் சுற்றித் தேய்ப்பதும் உண்டு. இது முடிந்ததும் உள்பக்கம் முழுக்க ரோஜா நிறம் கலந்த மங்கலான மஞ்சளாக, ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் இருக்க வேண்டும். பிசுக்கு இருக்கிற இடத்தில் ஈயம் ஒட்டாது. எப்படித் தேய்த்தாலும் அந்த இடத்தை விட்டு விலகிக் குமிழாக உருண்டு ஓடும். பூச்சு சரியில்லை என்று பின்னால் வருகிற புகார்களில் பாதிக்கும் மேல் இந்தத் தேய்ப்பில் காட்டிய அவசரத்தால் வருவதுதான்.

கரி அடுப்புக்குத் துருத்தியோ, கையால் சுற்றுகிற காற்றாடியோ வைத்திருப்பார்கள். இடுக்கியில் பாத்திரத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சூடேற்றி, பதம் வந்ததும் நவச்சாரத் தூளை (அம்மோனியம் குளோரைடு என்ற உப்பு) ஒரு சிட்டிகை உள்ளே தூவுவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். அது வெறும் புகை அல்ல. நவச்சாரம் சூட்டில் பிரிந்து, உலோகத்தின் மேல் அந்த நொடியில் படிந்திருக்கும் ஆக்ஸைடைக் கழுவி எடுக்கிறது. ஈயம் ஒட்டுவதற்கு அந்தச் சில நொடிதான் அவகாசம். உடனே ஈயக் கட்டியை உள்பக்கத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். 232 டிகிரியில் வெள்ளீயம் உருகிவிடும், அதனால் இழுத்த கோடே நீர்த்துளியாகத் திரளும். பஞ்சுப் பந்தில் இன்னும் கொஞ்சம் நவச்சாரத்தைத் தொட்டு, அந்தத் துளியை அடியிலிருந்து விளிம்பு நோக்கிச் சுழற்றித் துடைப்பார்கள். மஞ்சள் உலோகத்தின் மேல் வெள்ளை பரவி ஏறுகிற அந்த நேரத்தில் கை நிற்கவே கூடாது, நின்ற இடத்தில் ஈயம் தடித்துக் கட்டியாகும். பரவி முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முக்குவார்கள்.

சூடு அதிகமானால் ஈயம் மஞ்சள் பூத்து, சில இடத்தில் நீலமும் கலந்து, சொரசொரப்பாகிவிடும். சூடு குறைந்தால் பரவாமல் திட்டுத் திட்டாக நிற்கும், நகத்தால் நெம்பினால் ஓரம் எழும்பும். சரியான பூச்சு நகத்தில் எழும்பாது, ஏனென்றால் ஈயம் மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. சேர்கிற இடத்தில் செம்போடு கலந்து ஒரு மெல்லிய உலோகக் கலவையாகிவிடுகிறது. படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு, மூன்று பங்குதான் இருக்கும். இரண்டு லிட்டர் பாத்திரத்துக்குச் சேதாரம் போக 20, 30 கிராம் ஈயம் போதுமானது. இதை வீட்டில் கேஸ் அடுப்பில் செய்துபார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். நவச்சாரப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், மூடின சமையலறைக்கு அது ஆகாது.

இப்போது முக்கியமான விஷயம். பூச வேண்டியது வெள்ளீயம். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்கிறோம், ஆனால் காரீயம் (லெட்) விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே அதற்குக் கிடையாது. ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கிற சால்டரிங் ஈயத்தில் வழக்கமாக 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். விலை குறைவு. 183 டிகிரியிலேயே உருகத் தொடங்குவதால் பூசுவதும் எளிது. இந்த இரண்டு காரணமும் இருப்பதால்தான் கவனம் தேவைப்படுகிறது. பூசுகிறவரிடம் நேராகவே கேளுங்கள்: “அண்ணே, இது சுத்த வெள்ளீயமா, சால்டரிங் ஈயமா? கட்டியைக் கொஞ்சம் காட்டுங்க.” தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மெல்லிய கட்டியானால் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். சுத்த வெள்ளீயம் வளையும்போது கரகரவென்று முனகும். உள்ளே இருக்கிற படிகங்கள் புரளுகிற சத்தம் அது. காரீயம் கலக்கக் கலக்க அந்தச் சத்தம் மங்கி இல்லாமல் போகும். கொஞ்சமும் சந்தேகம் வேண்டாம் என்றால், 99.9 சதவீதம் என்று சான்றோடு விற்கிற வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பதுதான் சரி. ஓட்டை அடைப்பதானாலும் அதே ஈயத்தில் அடைக்கச் சொல்லுங்கள். பூச்சு சுத்தமாக இருந்து, ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் காரீயம் இருந்தால் என்ன பயன்?

பூசி வந்த பாத்திரத்தை வெந்நீரில் கழுவி, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுக் கொட்டுங்கள். நவச்சாரத்தின் உப்பு மிச்சமிருந்தால் போய்விடும். அதை விட்டுவைத்தால் விளிம்பில் பச்சை பூக்கும்.

தினசரிப் பயன்பாட்டில் ஈயப் பூச்சுக்கு எமன் வெறும் சூடு. தண்ணீரோ குழம்போ உள்ளே இருக்கும்வரை உலோகம் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். காலிப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்துவிட்டுக் கடுகை எடுக்கத் திரும்பினால், ஒன்றிரண்டு நிமிடத்தில் அடிப்பக்கம் 232-ஐத் தொட்டுவிடும். ஈயம் உருகி ஓர் ஓரமாகத் திரண்டு நிற்கும். ஆகவே ஈயம் பூசியதில் தாளிப்பு, வறுவல், பொரியல் எதுவும் வேண்டாம். சாம்பார், கூட்டு, பருப்பு, பால், கஞ்சி எல்லாம் அருமையாக வரும். பித்தளை சூட்டை நன்றாகப் பரப்புவதால் மெல்லிய எவர்சில்வரைப் போல நடுவில் மட்டும் அடிப்பிடிக்காது. தாளிப்பைத் தனியே இரும்புக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். கிளற மரக்கரண்டி, அகப்பை. எவர்சில்வர் கரண்டியால் சுரண்டினால் கோடு விழும்.

பித்தளை காபி ஃபில்டரில் டிகாக்ஷன் மணிக்கணக்கில் நிற்கும், காபியும் புளிப்புத் தன்மை உடையது. எனவே உள்ளே ஈயம் பூசிய ஃபில்டராகப் பாருங்கள், இல்லாவிட்டால் எவர்சில்வரே மேல். டவரா டம்ளரில் ஐந்து நிமிடம் இருக்கிற காபிக்கு இந்தக் கவலை இல்லை.

உள்பக்கம் நாளடைவில் சாம்பல் நிறமாக மங்கும், கறுக்கவும் செய்யும். அது இயல்பு. அதைப் பளபளப்பாக்க நினைத்து ஸ்டீல் நாரும் பாத்திரப் பொடியும் போட்டால், ஓர் ஆண்டு வர வேண்டிய பூச்சு சில மாதத்தில் போகும். மெல்லிய ஸ்பாஞ்சும் சீயக்காயும் போதும். அடியில் ஒட்டியிருந்தால் வெந்நீர் ஊற்றி அரை மணி ஊறவிடுங்கள். புளியை உள்ளே போட்டுத் தேய்க்கவே கூடாது. எந்த இடத்திலாவது ஓர் ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் தெரிந்தால் அன்றே புளிப்புச் சமையலை நிறுத்திவிட்டு மறுபடி பூசக் கொடுங்கள். தினமும் அடுப்பேறும் பாத்திரத்துக்குச் சுமார் ஓராண்டு, பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் எடுப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டு வரும்.

வெளிப்பக்கத்துக்குப் புளியும் கல்லுப்பும்தான் என்றைக்கும் சிறந்தது. புளிப்பு, கறுத்த படிவைக் கரைக்கிறது. உப்பு அதை விரைவாக்குகிறது. நெல்லிக்காய் அளவு ஊறின புளியில் ஒரு டீஸ்பூன் கல்லுப்புச் சேர்த்துத் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கழுவிவிட வேண்டும். ஊறட்டும் என்று விட்டால் பாத்திரம் ரோஜா நிறமாகத் திரும்பும். துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் மேலே படிவதால் வருகிற நிறம் அது. சாம்பலோ பீதாம்பரியோ போட்டு லேசாகத் தேய்த்தால் போகும், ஆனால் அடிக்கடி இப்படி ஆனால் மேற்பரப்பு பொரிந்துவிடும். கழுவின உடனே துணியால் ஈரமில்லாமல் துடைப்பதுதான் நிறைய பேர் விடுகிற கட்டம். சென்னை போர் தண்ணீரில் உப்பு அதிகம். தானாகக் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு கறையாக நிற்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடல் காற்று வேறு. கடைசி அலசலுக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இதற்கெல்லாம் ஒரு படி மேல் கவனம் கேட்கிற பாத்திரம். இதில் பித்தளையே கிடையாது, முழுக்க வெள்ளீயம். கையால் தட்டி உருவாக்கியதில் சுத்தியல் தடங்கள் உடம்பெல்லாம் தெரியும். விரலால் அழுத்தினாலே கொஞ்சம் நெளிகிற மென்மை. இதில் காரீயக் கலப்பு இருந்தால் படலம் மட்டுமல்ல, பாத்திரம் முழுக்கவே கலப்பு. அதனால் வாங்கினதும் ஒரு சோதனை செய்துவிடுங்கள், ஒரு டிஜிட்டல் தராசும் நூலும் போதும்.

சொம்பை முதலில் உலர்வாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசின் மேல் சொம்பு முழுக்க மூழ்குகிற அளவு தண்ணீரோடு ஒரு பாத்திரம் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பின் கழுத்தில் நூல் கட்டி, வாய் மேலே பார்க்க மெதுவாக இறக்கி, உள்ளேயும் தண்ணீர் நிரம்பவிட்டு, முழுக்க மூழ்கியதும் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிட்டுப் பிடியுங்கள். இப்போது தராசு காட்டுகிற கிராம்தான், சொம்பின் உலோகம் விலக்கிய தண்ணீரின் அளவு. 500-ஐ அந்த எண்ணால் வகுத்தால் சொம்பின் அடர்த்தி வரும். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்துக்கு 11.3. சுத்தமானதானால் தராசு 68 அல்லது 69 காட்டும். பத்தில் ஒரு பங்கு காரீயம் இருந்தால் 66 வரும். சால்டரிங் கலவையாக இருந்தால் 59-க்கு இறங்கிவிடும். காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருங்கள்: குமிழி இருந்தால் எண் கூடும், கலப்புச் சொம்புகூடச் சுத்தமானது மாதிரி தெரியும். தண்ணீருக்குள்ளேயே ஒருமுறை ஆட்டிவிட்டுப் பாருங்கள். அளவு சின்னதாக இருப்பதால் மூன்று நான்கு முறை திரும்பச் செய்வதும் அவசியம். இந்தச் சோதனை பெரிய கலப்படத்தைப் பிடித்துவிடும். ஒன்றிரண்டு சதவீதம் கலந்திருப்பதைப் பிடிக்காது, அதற்கு உலோகப் பரிசோதனைக் கூடம்தான் வழி. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

ரசம் வைக்கும் முறைக்கு வருவோம். ஒரு லிட்டர் சொம்புக்கு: சின்ன நெல்லிக்காய் அளவு புளியை 500 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கரையுங்கள். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னாலேயே புளித்தண்ணீரைச் சொம்பில் ஊற்றிவிட வேண்டும், இந்த வரிசை ஒருநாளும் மாறக் கூடாது. நறுக்கின தக்காளி ஒன்று, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், பெருங்காயம், உப்பு ஒரு டீஸ்பூன், ரசப்பொடி ஒன்றரை டீஸ்பூன் போட்டு, சின்ன பர்னரில் சிம்மில் வையுங்கள். தீ அடிவட்டத்துக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் ஏறி, ரசத்தின் மட்டத்துக்கு மேலே வெறும் உலோகத்தைத் தொட்டால், அந்த இடத்தில் சூட்டை வாங்கிக்கொள்ள நீர் இல்லை. சொம்பு தொய்ந்து ஓட்டை விழுவது பெரும்பாலும் இப்படித்தான். அதே காரணத்துக்காகக் கால் சொம்பு ரசம் வைப்பதும் ஆபத்து, பாதிக்கு மேல் இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பச்சை வாசனை போகும். பிறகு வேகவைத்த துவரம்பருப்பைக் கரைத்த தண்ணீர் 250 மில்லி. நுரை கட்டி மேலே எழும்பினதும் அடுப்பை நிறுத்திவிடுங்கள். கொதிக்கவிட்டால் ரசம் கடுத்துப்போகும். கடுகு, சீரகம், கறிவேப்பிலையை நெய்யில் தனியே தாளித்து, அரை நிமிடம் ஆறவிட்டு, ரசத்தின் நடுவில் படுமாறு ஊற்றுங்கள். சுவரில் வழியவிட வேண்டாம். பொரிகிற நெய் 200 டிகிரியைத் தொடக்கூடியது.

இந்த ரசத்துக்குத் தனி ருசி உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரும்பங்கு சிம்மில் பொறுமையாக வைப்பதால் வருகிறது. சொம்பு அந்தப் பொறுமையை நம்மிடம் கட்டாயமாக வாங்கிவிடுகிறது. ஈயத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். அன்னாசி, பீச் போன்ற பழங்களை உள்பூச்சில்லாத வெறும் தகர டப்பாவில் அடைப்பதற்குக் காரணமே, மிகச் சிறிதளவு கரைகிற வெள்ளீயம் நிறத்தையும் சுவையையும் மங்காமல் காப்பதுதான். ஆனால் கரைவது கூடினால் வயிற்றுக்கு ஆகாது. டப்பா உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வெள்ளீயம் என்பது பன்னாட்டு உணவுத் தரநிர்ணயமான கோடெக்ஸ் வகுத்திருக்கிற உச்சவரம்பு. புளியும் உப்பும் உள்ள ரசத்தைச் சொம்பில் இரவு முழுக்க விடாமல், சாப்பாடு முடிந்ததும் எவர்சில்வருக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் சூடு பண்ணுவதும் எவர்சில்வரிலேயே. மிச்ச ரசத்தோடு சொம்பை ஃபிரிட்ஜில் வைப்பது, இண்டக்‌ஷன் அடுப்பில் இரும்புத் தட்டு போட்டு அதன் மேல் ஏற்றுவது, இரண்டும் வேண்டாம். இண்டக்‌ஷனில் அந்தத் தட்டு எவ்வளவு சூடாகிறது என்பதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது.

கழுவும்போது சொம்பை மற்றப் பாத்திரங்களோடு சிங்க்கில் போடாதீர்கள். குக்கர் மூடி ஒன்று மேலே விழுந்தாலே வாய் கோணிவிடும். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் முதல் நாளே எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள், இதற்கு நார் கிடையாது, கையால்தான் என்று. வாய் கோணினால் சுத்தியல் எடுக்க வேண்டாம்; உள்ளே மரக்கரண்டியின் அடிப்பாகத்தை வைத்துக் கட்டைவிரலால் மெதுவாக நெம்பினால் நிமிரும். ஊசிமுனை அளவு ஓட்டையானால் ஈயம் பூசுகிறவரே அதே வெள்ளீயத்தை உருக்கி அடைத்துத் தருவார். அடிப்பாகமே தொய்ந்துவிட்டால் பழைய ஈயமாகப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதுதான். எடைக்கு நல்ல விலை கிடைக்கும்.

மழைக்காலத்தில் பரணில் எடுத்துவைப்பதானால், பாத்திரத்தைச் சிம்மில் வெந்நீர் வைத்துச் சூடாக்கி, நீரைக் கொட்டி, அந்தச் சூட்டிலேயே துணியால் துடைத்தால் மூலையில் ஈரம் நிற்காது. பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டாம், ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையில் கறுப்புக் கோடாகப் பதிந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் நடுவில் துணி இருக்கட்டும், உள்ளே போகிற பாத்திரத்தின் அடி வெளிப்பாத்திரத்தின் ஈயத்தைச் சுரண்டாமல் இருக்க.